முதலில் எதிர்காற்று

2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் போயிருக்காவிட்டால், என் வருத்தம், பெருங்குடல் புற்றுநோய், இன்னும் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவந்திருக்கும். நான் குடும்பநல உத்தியோகத்தர், ஊரவர்களுக்கு மிஸி. கர்ப்பிணித் தாய்மாரையும் பச்சைக் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் தொழில். முதல் பத்து வருடம் சைக்கிளில் திரிந்தேன், பிறகு ஸ்கூட்டி வந்தது. எரிபொருளுக்காக ஆட்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த நாட்களில், ஊரில் எல்லோரையும் போல நானும் கொட்டிலில் கிடந்த பழைய லுமாலா சைக்கிளைத் தூசி தட்டி வெளியே எடுத்தேன்.

உரும்பிராயில் என் வீட்டிலிருந்து கிளினிக் நாலு கிலோமீற்றர். மேடு பள்ளமே இல்லாத தெரு. முதல் நாள் இரண்டு இடத்தில் இறங்கி நின்றேன். பழக்கம் விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். ஒரு வாரம் போன பின் மூன்று இடத்தில் இறங்கினேன். உழக்க உழக்க மூச்சு இலேசாக வேண்டும். எனக்கோ நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டியில் இருந்தபடி கைப்பிடியைத் திருகிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டே இருக்காது.

அங்கே நான் ஒரு பெரிய பிழை செய்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது. தாய்மாருக்கு இரத்தத்தின் ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இறங்கினால் விடாமல் துரத்திப் பிடித்து மருத்துவரிடம் அனுப்புகிறவள் நான். ஆனால் எனக்கென்று வந்தபோது, மீனும் முட்டையும் வாங்க முடியாத காலம், சாப்பாடு குறைந்ததால்தான் இப்படி என்று நானே முடிவு கட்டி, இரும்புச் சத்துக் குளிசையைப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் இருந்துவிட்டேன். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரத்தம் வெளியே போக வழியில்லாத வயதில் இரத்தம் குறைகிறது என்றால், உள்ளே எங்கோ கசிகிறது என்று முதலில் நினைத்திருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் இரும்புச் சத்துக் குறைந்து இரத்தச்சோகை வந்தால், குளிசையோடு நிற்காமல் குடலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கடைசியில் இரத்தம் சோதித்தபோது ஏழரை இருந்தது. குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்ததில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி. வலப்பக்கத்துக் கட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான், வலியோ அடைப்போ காட்டாமல் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு இரத்தம் தெரியாது, களைப்பு மட்டும் தெரியும்.

அறுவைச் சிகிச்சை புரட்டாதியில் முடிந்தது. எடுத்த நிணநீர்க் கணுக்களில் மூன்றில் நோய் இருந்தது. அதனால் மூன்றாம் நிலை. ஐப்பசிக் கடைசியில் கீமோதெரபி தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் ஒக்ஸாலிபிளாட்டின், கூடவே இரண்டு வாரத்துக்குக் கேப்சிடபைன் குளிசை. இப்படி எட்டுச் சுற்று. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எனக்குப் பத்துக் கிலோமீற்றருக்குள். எங்கள் ஊரவர்கள் முன்பு இதே சிகிச்சைக்கு கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகம வரை பஸ் ஏறி, மொழி தெரியாத இடத்தில் அறை எடுத்துத் தங்கி, வாந்தி எடுத்தபடியே திரும்பி வந்தவர்கள். தெல்லிப்பழையில் அந்தக் கட்டடம் எழும்புவதற்குப் பணம் சேர்ந்த விதத்தை, மருந்து ஏறிக்கொண்டிருந்த நேரங்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 2011 இல் தெற்கே தெவிநுவர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் ஆட்கள் நடந்தே வந்து நிதி சேர்த்தார்கள். 2013 இல் திறந்தார்கள். யாரோ முன்பின் தெரியாதவர்கள் வெயிலில் நடந்து வந்ததால்தான் நான் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போய் மருந்து ஏற்றிக்கொள்ள முடிந்தது.

அந்த மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய பின் குளிர் ஆகாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள் என்று தாதியர் சொல்லித்தான் அனுப்பினார்கள். மார்கழி மழையில் ஒருநாள் விடியற்காலை, முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற சைக்கிளை உள்ளே தள்ளலாம் என்று போனேன். ஈரமான பிரேக் கம்பியில் விரல் பட்டது. மின்சாரக் கம்பியைத் தொட்டதைப் போல விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுரீர் என்று ஏறியது. கையை உதறினேன், சைக்கிள் சேற்றில் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தப் பலமும் இல்லை, தொடத் துணிவும் இல்லை. மழை விடும் வரை அது அப்படியே கிடந்தது. தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வருத்தம் என்று தெரிந்த நாளில் வராத அழுகை அன்று வந்தது.

கீமோதெரபி நடந்த ஆறு மாதமும் நான் சைக்கிளில் ஏறவில்லை. ஏறாதது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த நாட்களில் இரத்தத் தட்டுகள் இறங்கும். விழுந்தால் சிறிய அடியும் பெரிய இரத்தக்கசிவாகும். வெள்ளணுக்கள் குறையும்; சிராய்ப்பும் கிருமிக்கு வாசல். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் இரவோ பகலோ வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்ற நிலையில், தெருவில் தனியே திரிவது அறிவல்ல. ஆனால் படுத்தே கிடக்கவும் இல்லை. கிணற்றடியிலிருந்து படலை வரை நடந்தேன். நல்ல நாளில் முப்பது தடவை, மருந்து ஏற்றிய வாரத்தில் நாலைந்து தடவை. கேப்சிடபைன் குளிசையால் உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்த நாட்களில் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, வருத்தக்காரி ஏன் நடந்து திரிகிறாய்? போய்ப் படு" என்பார். அன்பினால் சொல்கிறவர். அவரிடம் வாதாடவில்லை. மாமி கோயிலுக்குப் போன பிறகு நடந்தேன்.

2023 சித்திரையில் எட்டாவது சுற்று முடிந்தது. முடிந்ததும் எல்லாம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். விரல்களிலும் பாதங்களிலும் இருந்த விறைப்பு, மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போனது. இந்த மருந்தின் குணம் அது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நாணயத்தைத் தடவிப் பார்த்து ஐந்து ரூபாயா பத்து ரூபாயா என்று சொல்ல முடியவில்லை. இந்தக் கையோடு பிரேக் பிடிப்பது எப்படி?

இதை நான் கேட்டது மருத்துவரிடம் அல்ல, சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணையிடம். எழுபது வயதைத் தாண்டியவர். போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தில், ரியூப் கிடைக்காமல் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, டைனமோவில் வானொலி கேட்டு, யாழ்ப்பாணம் முழுவதையும் சைக்கிளில் ஓட வைத்த தலைமுறைக்காரர். என் விரல்களை ஒவ்வொன்றாக அமத்தி, "இது தெரிகிறதா மிஸி, இது தெரிகிறதா?" என்று கேட்டார். பிறகு பிரேக் பிடியைக் காண்டிலுக்கு நெருக்கமாக உள்ளே இழுத்து, இரண்டு விரலால் இலேசாகத் தொட்டாலே சில்லு நிற்கும்படி கம்பியை இறுக்கித் தந்தார். கைப்பிடிகளில் பழைய ரியூப்பை வெட்டித் தடிப்பாகச் சுற்றினார். காண்டிலை நாலு விரல்கடை உயர்த்தினார், வயிற்றுத் தழும்பு மடியாமல் நிமிர்ந்து இருப்பதற்கு. சீற்றை, கால் இரண்டும் நிலத்தில் முழுதாகப் பதியும் அளவுக்கு இறக்கினார். உழக்க அது வசதியில்லை, முழங்காலுக்குப் பாரம். ஆனாலும் முதல் இரண்டு மாதத்துக்கு, விழாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார். பார் இல்லாத பெண்கள் சைக்கிள் என்பதால் ஏறவும் இறங்கவும் காலைத் தூக்கி வீச வேண்டியதில்லை. பாதம் விறைத்தவர்கள், ஆணானாலும் சரி, இந்த வகைச் சைக்கிளில் தொடங்குவதே பாதுகாப்பு.

காலுக்குச் செருப்பு வேண்டாம். பாதத்தில் உணர்வு இல்லாதபோது செருப்பு நழுவுவது தெரியாது, பெடலில் இருந்து கால் வழுக்குவதும் தெரியாது. பின்பக்கம் பட்டி உள்ள, அடி தடித்த சப்பாத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. ஒருநாள் சிறு கல் ஒன்று சப்பாத்துக்குள் கிடந்து கொப்புளம் போட்டிருந்தது. எட்டுக் கிலோமீற்றர் ஓடியும் எனக்கு அது தெரியவில்லை.

ஆடி மாதம், அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடமும் புற்றுநோய் மருத்துவரிடமும் அனுமதி கேட்டு, இரத்தம் சோதித்து, ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்ட பிறகு ஒழுங்கையில் ஏறினேன். பத்து நிமிடம். பெறாமகன் பக்கத்தில் ஓடி ஓடி வந்தான். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம். களைப்பை அளக்க எனக்கு உதவியது ஒரேயொரு கேள்வி: மறுநாள் காலை எழுந்து தேநீர் போட்டு முற்றம் கூட்ட முடிந்ததா? முடிந்தால் நேற்றைய தூரம் சரி. கட்டிலை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடந்தால் நேற்று கூடிப்போயிற்று. புற்றுநோய்க்குப் பிறகு வரும் களைப்பு, வயலில் வேலை செய்த களைப்பைப் போன்றது அல்ல. நித்திரையால் தீராது, சொல்லிக்கொண்டு வராது, ஓடும்போது தெரியாமல் மறுநாள் வந்து அமுக்கும். ஆகவே ஓடும்போது உடம்பு சொல்வதை மட்டும் நம்பக் கூடாது, மறுநாள் சொல்வதையும் கேட்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டவில்லை. ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகம் போதும். மூச்சு வாங்கி வசனம் நடுவில் அறுந்தால் மெதுவாக்க வேண்டும்.

இனிச் சொல்வதைப் பலர் சொல்ல வெட்கப்படுகிறார்கள். அதனாலேயே விரிவாகச் சொல்கிறேன். வலப்பக்கக் குடலை எடுத்தவர்களுக்கு வயிறு இளகலாகவே இருக்கும். பித்தநீர் முன்போல உறிஞ்சப்படாமல் கீழே இறங்கி, திடீரென்று அவசரப்படுத்தும். ஐந்து நிமிட அவகாசம்கூடத் தராது. நாலு கிலோமீற்றரைத் தாண்டிப் போகாமல் நான் மாதக்கணக்கில் நின்றதற்குக் காரணம் கால் வலி அல்ல, இந்தப் பயம்தான். கடைசியில் ஒரு கொப்பியில் பாதைகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் கழிப்பறை உள்ள இடங்களைக் குறித்தேன். எந்தச் சனசமூக நிலையம் காலையில் திறந்திருக்கும், எந்தக் கோயில் மடத்தில் தண்ணீர் வரும், எந்தத் தாயின் வீட்டுக் கதவை நான் எந்த நேரமும் தட்டலாம். இருபத்தைந்து வருடம் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கப் போன வீடுகள் அவை. "மிஸி, உள்ளே வாருங்கள்" என்று கதவைத் திறந்தவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து, சாப்பிட்டு, வயிறு அடங்கும் வரை காத்திருப்பேன். ஓடும் நாளில் பருப்பு, கீரை, ஒடியற்கூழ் எதுவும் இல்லை. இரண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி, வாழைப்பழம். வழியில் எள்ளுருண்டை. சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டித் துண்டு. வயிறு இளகலான உடம்பில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறும், வெறும் தண்ணீர் குடித்தால் போதாது. ஜீவனி என்னும் உப்புச் சீனிக் கரைசல் பொதி ஒன்றைக் கரைத்துப் போத்தலில் எடுத்துச் செல்கிறேன். மாற்று உடுப்பு ஒன்று பையில் எப்போதும் இருக்கும். இரண்டு வருடத்தில் அது இரண்டு தடவைதான் தேவைப்பட்டது. ஆனால் அது பையில் இருந்ததால்தான் மற்றப் பயணங்கள் எல்லாம் நடந்தன.

முதலில் நிலாவரைக் கிணறு வரை, ஏழெட்டுக் கிலோமீற்றர். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, வெங்காயத்துக்கு இறைக்கும் தண்ணீரின் மணத்தோடு ஓடிப்போய், கிணற்றுக் கட்டில் இருந்து தேநீர் குடித்துத் திரும்புவது. ஒவ்வொரு மாதமும் அந்த வட்டம் பெரிதானது. கீரிமலை. பண்ணைப் பாலத்தைக் கடந்து சாட்டிக் கடற்கரை. 2024 ஆவணியில் பருத்தித்துறைக்கே போகலாம் என்று துணிந்தேன். என் வீட்டிலிருந்து போய்வர ஐம்பது கிலோமீற்றருக்கு மேல்.

அன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பெறாமகனுக்கு வேலை இருந்தது, நான் தனியே புறப்பட்டேன். நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் எல்லாம் பறந்து போயின. வல்லை வெளியில் சைக்கிள் தானாகவே ஓடியது. உழக்கியதாகவே ஞாபகம் இல்லை. நெல்லியடியில் நின்றபோது மூச்சுக்கூட வாங்கவில்லை. என் உடம்பு முழுதாகத் திரும்பிவிட்டது என்று நெஞ்சு நிறைந்தது. பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் நின்று ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பினேன்.

திரும்பியபோதுதான் தெரிந்தது. ஆவணி, சோழகம் வீசும் காலம். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று காலை முழுவதும் என் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அதை நான் என் பலம் என்று எடுத்துக்கொண்டேன். பத்து மணி வெயிலில் வல்லை வெளிக்குத் திரும்பி வந்தபோது, அதே காற்று உப்பும் மணலும் கலந்து முகத்தில் அறைந்தது. மரம் இல்லை, நிழல் இல்லை, இரண்டு பக்கமும் வெறும் நீரேரி. நடக்கும் வேகம்கூட வரவில்லை. கை நடுங்கியது, காது அடைத்தது, கண்ணுக்கு முன்னால் தெரு வெள்ளையாகத் தெரிந்தது. இறங்கினேன். முனியப்பர் கோயிலடி வரை சைக்கிளைத் தள்ளிப் போய் நிழலில் இருந்துவிட்டேன். ஜீவனித் தண்ணீர் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

வெங்காயம் ஏற்றிப்போன லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று நின்றது. ஓட்டிவந்தவர் எதுவும் கேட்காமல் சைக்கிளைத் தூக்கி மூட்டைகளுக்கு மேல் போட்டார். என்னைப் பெட்டியின் விளிம்பில் ஏற்றி, தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். புத்தூர்ச் சந்தியில் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. பெறாமகன் ஓட்டோவோடு வந்து சேர்ந்தான். அடுத்த ஐந்து நாள் நான் கட்டிலை விட்டு எழவில்லை.

அண்ணையிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மிஸி, போகும்போது காற்று எதிரே இருக்கட்டும். பலம் இருக்கும்போதே அதோடு மல்லுக்கட்டுங்கள். வரும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்" என்றார். தடைக் காலத்தில் விறகும் மண்ணெண்ணெயும் கட்டிக்கொண்டு குடாநாடு முழுதும் ஓடியவர்களின் கணக்கு அது. சோழகக் காலம் என்றால் தெற்கும் மேற்குமாகப் புறப்படுவேன், வேலணை, காரைநகர். வாடைக் காற்று வந்தால் பருத்தித்துறை, மணற்காடு. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, படலையில் நின்று பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே போதும். இன்னொன்றையும் அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். களைக்கும்போது திரும்புவதில்லை, களைப்பதற்கு முன்பே திரும்பிவிடுகிறேன். போத்தலில் பாதித் தண்ணீர் முடிந்தால் அந்த இடத்தில் திரும்ப வேண்டும், அது எந்த ஊராக இருந்தாலும். புற்றுநோய் வந்து போன உடம்புக்கு மிச்சம் பிடித்து வைத்த பலம்தான் சொத்து.

2025 ஆனியில் தங்கை ரொறன்ரோவில் இருந்து அழைத்தாள். அவள் குரல் தழுதழுத்தது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு அப்போது வெளிவந்திருந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி பற்றிய கைநூல் மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சியாளரின் துணையோடு மூன்று வருடம் ஒழுங்கான உடற்பயிற்சி. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 80.3, மற்றப் பிரிவில் 73.9. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3, மற்றப் பிரிவில் 83.2. "அக்கா, நீ சைக்கிள் ஓடுவது சும்மா இல்லை" என்றாள்.

அந்த எண்களை நான் பலமுறை வாசித்தேன். சுகாதாரத் துறையில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆட்கள் எல்லோரும் முதலில் சிகிச்சையை முடித்தவர்கள். கீமோதெரபிக்குப் பதிலாகச் சைக்கிள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் மருந்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சாறும் கசாயமும் தேடிப் போனவர்களை நான் அடக்கம் வரை பார்த்திருக்கிறேன். அந்த ஆய்வு சைக்கிளைப் பற்றியதும் அல்ல. வாரத்தில் மூன்று நாலு தடவை, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வேகமாக நடந்தாலே அவர்கள் கேட்ட அளவு வந்துவிடும். சைக்கிள் எனக்குப் பொருந்தியது. வேறொருவருக்குக் கோயில் வீதியைச் சுற்றி நடப்பது பொருந்தும். பயிற்சி செய்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பியது. நோய் திரும்பியவர்கள் போதிய அளவு நடக்காததால்தான் திரும்பியது என்று யாராவது சொன்னால் அது பொய், கொடுமையும்கூட.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். முடிவு வரும் வரையான நாட்களில் நெஞ்சுக்குள் ஒரு கல். சைக்கிள் அந்தக் கல்லை எடுத்துவிடுவதில்லை. ஆனால் முன்சில்லைப் பார்த்துக்கொண்டு, பள்ளம் தவிர்த்து, நாய்க்கு மணி அடித்து, பஸ்ஸுக்கு ஒதுங்கி ஓடும்போது இரண்டு மணி நேரம் அது கனக்காமல் இருக்கிறது. இவர், என் கணவர், முன்பு என்னைத் தடுத்தவர். இப்போது முடிவு வரும் கிழமையில் இவரே ரயரை அமத்திப் பார்த்துக் காற்று அடித்து வைக்கிறார்.

நீரேரியைச் சுற்றி வரும் ஆசை நெடுநாளாக இருந்தது. சங்குப்பிட்டிப் பாலத்தால் இறங்கி, பூநகரி, பரந்தன், ஆனையிறவு வழியாக வீடு திரும்பும் வட்டம், நூறு கிலோமீற்றருக்கு மேல். பலர் ஒரே நாளில் ஓடுவார்கள். நான் இரண்டு நாள் என்று முதலிலேயே முடிவு செய்தேன். பரந்தனில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் படுக்கை. இந்த வருடம் மாசியில், விடிய நாலரைக்கு நானும் பெறாமகனும் புறப்பட்டோம். நல்லூர், செம்மணி, பிறகு நாவற்குழிப் பாலம். 1995 ஐப்பசியில் மழையில் அம்மாவையும் அரிசி மூட்டையையும் சைக்கிள் கரியரில் வைத்து, அடி அடியாக இந்தப் பாலத்தைக் கடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அன்று சைக்கிள் ஓடவில்லை, தள்ளினோம். பாலத்தில் இறங்கி நின்றேன். பெறாமகன் ஏன் என்று கேட்கவில்லை.

தனங்கிளப்பில் விடிந்தது. ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நின்றன. 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர் நீளம். சமதரையே பழகிய எங்களுக்கு அந்தச் சிறு ஏற்றம்கூட மலை. மேலே போய்ப் பார்த்தால் இரு பக்கமும் நீரேரி வெள்ளித் தட்டாக விரிந்து கிடந்தது. பூநகரியிலிருந்து பரந்தன் வரை காற்று எதிரே. எதிர்பார்த்துத்தான் காலை நேரத்தை அதற்கு வைத்திருந்தோம். காலபோக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. தெருவின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சில்லு ஏறினால் மணலில் ஏறியது போல வழுக்கும். இறங்கித் தள்ளுவதே புத்தி. முழங்கைக்கு மேல்வரை கைச்சட்டை, தலைக்கவசத்துக்குள் துணித் தொப்பி. அப்படி ஓடிப் போகும் ஐம்பதைத் தாண்டிய பெண்ணைப் பார்த்து, நெல் கிண்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் "எங்கேயம்மா போகிறீர்கள்?" என்றார். "சும்மா, சுற்றிப் பார்க்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

மறுநாள் ஆனையிறவில் பக்கக் காற்று. சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது. கையில் விறைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கையாக எடுத்து உதறிக்கொண்டேன். பளையிலும் கொடிகாமத்திலும் நின்றோம். பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டுப் படலை. மறுநாள் காலை எழுந்து தேநீர் போட்டு முற்றம் கூட்டினேன்.

கோப்பாயில் ஒரு தங்கச்சி இருக்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் மிஸி. கீமோதெரபி முடிந்து மூன்று மாதம். விரல் விறைப்பு எனக்கு இருந்ததைப் போலவே. மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார். வரும் சனிக்கிழமை விடிய ஐந்தேகாலுக்கு அவர் வீட்டுப் படலையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஒழுங்கை முடிவு வரை போய்த் திரும்புவோம், பத்து நிமிடம். அவருடைய சைக்கிளை நேற்று அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரேக்கை உள்ளே இழுத்து வைத்துவிட்டார். கைப்பிடிக்குச் சுற்ற ரியூப் வெட்டிக்கொண்டிருக்கிறார்.